முட்டை உடைந்தால் என்ன சத்தம்?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவர் எழுதியிருக்கிறார்: 'சார், நான் ஒரு கேம் செய்திருக்கிறேன். ஆடிப் பார்த்துவிட்டு விமர்சனம் சொல்லவும். உள்ளதை உள்ளபடி சொல்லவும். ஆனால், மனசு கஷ்டப்படும்படி வேண்டாம்.'

உலகத்தின் எல்லாப் படைப்பாளிகளும் கேட்பது இதைத்தான். மற்றவர்கள் கடைசி வாக்கியத்தை மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள். இவர் எழுதிவிட்டார். பிழைத்துக்கொள்வார்.

கடிதத்தில் இன்னொரு தகவலும் இருந்தது. இதுவரை பதினாலு பேரிடம் காட்டியிருக்கிறார். பதினோரு பேர் 'சூப்பர்'. இரண்டு பேர் 'மொக்கை'. பதினாலாவது ஆள் அவருடைய அப்பா. லாரி டிரைவர். லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம் காட்டியபோது ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'பரீட்சைக்குப் படிச்சியா?' என்று மட்டும் கேட்டாராம்.

ஆக பதினாலு பேர் பார்த்தும் அந்தப் பையனுக்கு ஒரு விமர்சனம்கூடக் கிடைக்கவில்லை. 'சூப்பர்' என்பது விமர்சனம் இல்லை. 'என்னை விடு, வேலை இருக்கிறது' என்பதன் மரியாதையான வடிவம். 'மொக்கை' என்பதும் அதேதான், மரியாதை மட்டும் குறைவு. இரண்டையும் கேமைப் பார்க்காமலேகூடச் சொல்லலாம். சினிமாவுக்கு, சாம்பாருக்கு, மாப்பிள்ளைக்கு, எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற வார்த்தை எதைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

சரி, கேமுக்கு வருவோம்.

ஒரு லாரி. அதில் ஓர் அட்டை முட்டை, அதாவது முப்பது. நாமக்கல்லிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலையில் போகிறது. வழியில் குழிகள், வேகத்தடைகள். மேல் அம்பு, கீழ் அம்பு அழுத்தி லாரியைத் தடம் மாற்றலாம். குழியில் விழுந்தால் ஒரு முட்டை போச்சு. வேகத்தடையில் ஏறினால் மூன்று. முட்டை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எவ்வளவு தூரம் போனோம் என்பதுதான் ஸ்கோர்.

செய்திருப்பது 'ஸ்கிராட்ச்' என்கிற மென்பொருளில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு சிறுவர்களுக்காக உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. ஒரு வரி புரோகிராம்கூட டைப் அடிக்க வேண்டாம். 'பத்து அடி நட', 'மோதினால் சத்தம் போடு' என்று கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்தினால், திரையில் ஓர் ஆரஞ்சுப் பூனை அப்படியே நடக்கும். இலவசம்.

மூன்று முறை ஆடிப் பார்த்தேன். என் விமர்சனம் இதோ. உள்ளது உள்ளபடி.

முதலில் நல்லது. ஐந்தாவது வேகத்தடை தாண்டியதும், கிளீனர் பையன் ஜன்னல் வழியே தலையை நீட்டி நம்மை ஒரு முறை முறைக்கிறான். பேச்சில்லை, முறைப்பு மட்டும். முழு கேமிலும் மாணவர் தன் கையால் வரைந்த ஒரே படம் அதுதான். கோடு கோணல், ஒரு கண் பெரிசு. ஆனால், சிரித்துவிட்டேன். மூன்றாவது முறை அந்த முறைப்பைப் பார்ப்பதற்காகவே ஆடினேன்.

இனி மற்றது.

ஒன்று: லாரி, மென்பொருளோடு வருகிற ரெடிமேட் லாரி. பின்னணி, ரெடிமேட் பச்சைக் குன்று. திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் பட்டறை பட்டறையாக லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். பம்பருக்கு எலுமிச்சையும் மிளகாயும், பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்', சைடில் தாமரைப்பூ. அந்த ஊர்ப் பையனின் கேமில் பொம்மைக் கடை லாரியா? 'நம்ம ஊர் லாரியெல்லாம் கேம்ல எடுபடுமா சார்' என்று கேட்கலாம். கனடாவின் டொரன்டோவில் ஒரு சின்னக் குழு 2023-ல் 'வெண்பா' என்று ஒரு கேம் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மா, அவர் கையிலிருக்கும் கறைபட்ட, கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு. எழுத்து அழிந்த இடத்தை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். இட்லிப் பானையில் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். அதற்கு 2024-ல் இங்கிலாந்தின் 'பாஃப்டா' விருது கிடைத்தது, சிறந்த அறிமுக கேம் என்று. இட்லித் தட்டு எடுபடுமென்றால் எலுமிச்சை மிளகாயும் எடுபடும்.

இரண்டு: முட்டை உடையும்போது 'பாப்' என்று சத்தம். அதுவும் ரெடிமேட். பலூன் வெடிக்கிற சத்தம் அது, முட்டை அப்படி உடையாது. ஓடு விரிசல் விடும் சத்தம் ஒன்று, அப்புறம் உள்ளே இருப்பது கொழகொழவென்று விழும் சத்தம் ஒன்று. ஸ்கிராட்சில் மைக் வைத்து நம் சத்தத்தை நாமே பதிவு செய்யலாம். செலவு ஒரு முட்டை. அதையும் ஆம்லெட் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றுதான் முக்கியம். வேகத்தடை சாலை முழுக்க இருக்கிறது, விலக வழியில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று முட்டை கட்டாயம் காலி. முப்பது முட்டை, பத்து வேகத்தடை. ஆக நான் எவ்வளவு திறமையாக ஆடினாலும் பத்தாவது வேகத்தடையில் செத்துப்போவேன். குழிகளைத் தவிர்க்காத சோம்பேறி ஏழாவதிலோ எட்டாவதிலோ போய்ச் சேருவான். வித்தியாசம் அவ்வளவுதான். கேம் என்றால் ஆடுபவனுக்கும் விதிக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை நடக்க வேண்டும். இதில் விதி மட்டுமே பேசுகிறது.

என்ன கோளாறு என்று இவ்வளவு தூரம் கண்டுபிடித்த எனக்கு, எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. அது தெரிந்தது என் அம்மாவுக்கு.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. கம்ப்யூட்டர் என்றால் பேரன் பேத்தி முகம் தெரிகிற பெட்டி என்ற அளவுக்குப் பரிச்சயம். பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்த லாரிக்கு பிரேக்கே கெடையாதா?"

அவ்வளவுதான். பிரேக் கிடையாது. அதுதான் பிரச்னை. வேகத்தடை வந்தால் எந்த டிரைவரும் பிரேக் போடுவார். மெதுவாக ஏறினால் முட்டை தப்பிக்கும். வேகமாகப் போனால் நேரம் மிச்சம், முட்டை நஷ்டம். இரண்டுக்கும் நடுவே ஆடுபவன் முடிவெடுக்க வேண்டும். கேம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் அரைப் பக்கம் எழுதியதை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். காரணம், அவர் விமர்சனம் செய்யவில்லை. பார்த்தார், புரியாததைக் கேட்டார்.

இதைப் பெரிய கம்பெனிகள் முறையாகவே செய்கின்றன. 'ஹாஃப் லைஃப்' என்று 1998-ல் ஒரு புகழ்பெற்ற கேம் வந்தது. செய்தவர்கள் வால்வ் என்ற அமெரிக்க கம்பெனி. கேம் பாதி முடிந்திருந்தபோதே வெளியாட்களைக் கூட்டிவந்து ஆடவிட்டார்கள். செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நிபந்தனை: வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவன் கதவு தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாலும், 'இந்தப் பக்கம் பாருப்பா' என்று சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டில் எழுத வேண்டும். இரண்டு மணி நேர ஆட்டத்தில் நூறு திருத்தங்கள் வாக்கில் தேறுமாம்.

காரணம் எளிது. கடையில் கேமை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்கம் சொல்ல நீங்கள் போக முடியாது. விளக்கம் தேவைப்படுகிற இடமெல்லாம் திருத்தம் தேவைப்படுகிற இடம். கதை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம்மில் சிலர் முன்னுரையில் பதினைந்து பக்கம் விளக்குகிறோம்.

அம்மா கேட்டதை மாணவருக்கு எழுதினேன். கூடவே ஒரு யோசனை: 'பிரேக் வைத்த பிறகு மறுபடி அப்பாவிடம் காட்டுங்கள். எப்படியிருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்த லாரி சரியாக ஓடுகிறதா என்று கேளுங்கள்.'

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பா இந்த முறை உட்கார்ந்தாராம். பிரேக் பட்டனை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "லோடு இருந்தா வண்டி இப்படி டக்குனு நிக்காது சாமி. கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போய்த்தான் நிக்கும்" என்றிருக்கிறார். அப்புறம் அட்டை அடுக்குவது பற்றி, எந்த வரிசை முதலில் உடையும் என்பது பற்றி முக்கால் மணி நேரம். 'எங்கப்பா எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசினதே இல்ல சார்' என்று எழுதியிருக்கிறார் மாணவர்.

அந்த அப்பாவுக்கு கேம் பற்றித் தெரியாது என்றுதான் முதலில் வாயே திறக்கவில்லை. லாரி பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்பது பையனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. விமர்சனம் கேட்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும், அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் யோக்யதை. 'இந்த இடத்துல உங்களுக்கு போரடிச்சுதா?', 'எந்த எடத்துல செத்தீங்க?' என்று கேட்டால் எதிராளி யோசிக்க வேண்டியிருக்கும்.

பாராட்டுவதற்கும் இதே விதி. இதே நாமக்கல் பக்கத்து உதாரணம் ஒன்று. மோகனூரில் 1888-ல் பிறந்த ராமலிங்கம் பிள்ளை. அப்பா போலீஸ்காரர். பையன் படம் வரைந்துகொண்டிருந்தார், கூடவே பாட்டும் எழுதினார். தான் ஓவியரா, கவிஞரா, இரண்டும் இல்லையா என்பது அவருக்கே நிச்சயமில்லாத காலத்தில், செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தானில் பாரதியாரைச் சந்திக்கிறார். ஏதாவது பாடும் என்கிறார் பாரதி. இவர் பாடுகிறார். பாரதி துள்ளிக் குதித்து, நீர் கவிஞர்தான், சந்தேகமில்லை என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் ஒரு 'சூப்பர்'தான். எந்த அடி தன்னைப் பிடித்து உலுக்கியது என்றும் சொன்னார். அது போதும் என்றார். இதையெல்லாம் கவிஞரே 'என் கதை'யில் எழுதிவைத்திருக்கிறார். அந்த ராமலிங்கம் பிள்ளை 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார். சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு இன்று 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று பெயர். பாரதி சொல்லாவிட்டாலும் அவர் எழுதியிருப்பார். ஆனால், இன்ன அடி நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுவது வேறு.

விரிவாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லாத இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

அமெச்சூர் கேம்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் இன்டர்நெட்டில் முதலில் பெரிய மேடை போட்டது 'நியூகிரவுண்ட்ஸ்'. டாம் ஃபல்ப் என்ற அமெரிக்க இளைஞர் 1995-ல் ஆரம்பித்தது. இரண்டாயிரமாவது ஆண்டிலிருந்து யார் வேண்டுமானாலும் தங்கள் படைப்பை ஏற்றலாம் என்று ஆனது. ஏற்றியதும் ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு சரியில்லையென்றால் படைப்பு நீக்கப்பட்டுவிடும். அதற்கு அங்கே 'பிளாம்' என்று பெயர். காப்பாற்றப்பட்டால் 'புரொடெக்ட்'. ரோமாபுரி மைதானத்துக் கட்டை விரல் மாதிரி. கொடூரம்தான். ஆனால், அதே மேடையில் உதை வாங்கி வளர்ந்தவர்கள்தான் பின்னால் 'சூப்பர் மீட் பாய்' போன்ற கேம்களை உலகம் முழுக்க விற்றார்கள். ஓட்டு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததா என்றால், என் கணிப்பில், இல்லை. ஐந்துக்கு மூணு புள்ளி இரண்டு என்று வந்தால் அதை வைத்துக்கொண்டு எந்தக் காட்சியைத் திருத்துவது? ஓட்டோடு கூட நாலு வரி எழுதியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தக் கால கார்ட்டூன்களும் கேம்களும் பெரும்பாலும் 'ஃபிளாஷ்' என்ற மென்பொருளில் செய்தவை. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு ஆடியதெல்லாம் அதுதான். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி கம்பெனி ஃபிளாஷை மூடிவிட்டது. ஆர்வலர்கள் பழைய கேம்களை வேறு வழியில் ஓடவைத்துக் காப்பாற்றிவருகிறார்கள். மார்க் வாங்கியதும் வாங்காததுமாக எல்லாம் ஒரே குடோனில்.

ஸ்கிராட்சில் 'பிளாம்' கிடையாது. சிறுவர்கள் இடம் என்பதால் ஓர் இதயம், ஒரு நட்சத்திரம். அங்கே இன்னொரு வசதி உண்டு: யார் செய்த கேமையும் திறந்து உள்ளே பார்க்கலாம், மாற்றித் தன் பெயரில் போடலாம். மூலம் யாருடையது என்று மென்பொருளே தானாகக் குறித்துவிடும். ஆனாலும், 'என்னுடையதைத் திருடிவிட்டான்' என்று சிறுவர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தளத்தை உருவாக்கிய மன்ராய்-ஹெர்னாண்டஸ் என்பவரும் சகாக்களும் இதை ஆராய்ந்து 2011-ல் எழுதினார்கள். கம்ப்யூட்டர் தானாகப் போடும் பெயரைக் குழந்தைகள் பெரிதாக மதிக்கவில்லை. 'உன்னோடதைப் பார்த்துச் செஞ்சேன், நன்றி' என்று இன்னொரு பையன் தன் கையால் எழுதியதைத்தான் மதித்தார்கள்.

எட்டு வயசுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, எது மெஷின், எது மனுஷன் என்று.

சேலம், நாமக்கல் கிராமங்களில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆட்டம் பிடித்துப்போனால் ஒருத்தர் எழுந்து ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டுவார். கோமாளி ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் இன்ன வேஷத்தைப் பாராட்டி அன்பளிப்பு என்று மைக்கில் அறிவிப்பார். பெயரோடு, எந்த வேஷத்துக்கு என்ற விவரத்தோடு. பிடிக்கவில்லையா, ஜனம் தூங்கிவிடும். தூங்குவதும் விமர்சனம்தான். கூட்டம் சாய்வதைப் பார்த்தால் கோமாளி உள்ளே வந்து நாலு ஜோக் அடித்து எழுப்பிவிடுவார். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்துத் தோல்பாவை ஆட்டியவர்கள்தான் நம் அனிமேஷனுக்குப் பாட்டன்மார். திரைக்கு அந்தப் பக்கம் யார் சிரிக்கிறார்கள், எங்கே சத்தமில்லை என்று காதாலேயே கேட்டுக்கொண்டு ஆட்டினார்கள்.

விமர்சனம் வாங்கிக்கொள்வது, சொல்வதைவிடக் கஷ்டம்.

வியட்நாமின் ஹனோயில் டோங் நுயென் என்ற இளைஞர் தனியாளாக ஒரு கேம் செய்து 2013-ல் வெளியிட்டார். 'ஃபிளாப்பி பேர்ட்'. ஒரு குருவி, குழாய்களுக்கு நடுவே பறக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறேழு மாசம் யாரும் சீந்தவில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று உலகமே ஆடியது. விளம்பரத்தில் தினம் 50 ஆயிரம் டாலர் வருகிறது என்று செய்தி. கூடவே திட்டு. காப்பி என்று, குப்பை என்று, எங்கள் பிள்ளைகள் கெட்டார்கள் என்று. பிப்ரவரியில் அவரே கேமை எடுத்துவிட்டார். பணம் வேண்டாம், நிம்மதி போதும். பாராட்டும் வசையும் லட்சக்கணக்கில் வந்து விழுந்தன. அந்தக் குவியலில் அடுத்த கேமுக்கு உதவுகிற மாதிரி எத்தனை வரி தேறியிருக்கும்?

இதே நாமக்கல் மாவட்டத்தில், கேமுக்கு இல்லை, ஒரு நாவலுக்கு நடந்ததும் நமக்குத் தெரியும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. நாலு வருஷம் கழித்து திருச்செங்கோட்டில் எதிர்ப்பு, கடையடைப்பு, புத்தகத்துக்குத் தீ. 2015 ஜனவரியில் அவர் எழுதுவதையே விடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுதலாம் என்று தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. நாவல் பிடிக்காமல் போகலாம், வருத்தப்படுத்தலாம். எந்த இடம், ஏன் என்று எழுதினால் அது விமர்சனம். எழுதியவனே இருக்கக் கூடாது என்றால் அதற்கு வேறு பெயர்.

நடுவே ஒரு நல்ல வழியும் இருக்கிறது. 'பிக்ஸார்' அனிமேஷன் கம்பெனியில் படம் பாதியில் இருக்கும்போதே மற்ற டைரக்டர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் கண்ட குறைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். ஆனால், அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. படம் டைரக்டருடையது, முடிவும் அவருடையது. அந்த கம்பெனியை நடத்திய எட் கேட்மல் இதை 2014-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆரம்பத்தில் தங்கள் படங்கள் எல்லாமே மோசமாகத்தான் இருக்கும் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். 'டாய் ஸ்டோரி' எடுத்தவர்கள் சொல்கிறார்கள். நம் பிளஸ் ஒன் மாணவர் தைரியமாக இருக்கலாம்.

நம் டி.வி-யிலும் இது நடந்தது. கலைஞர் டி.வி-யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துவந்த பையன்கள் கேமரா முன்னால் நின்றுகொண்டே குறைகளைக் கேட்டுக்கொண்டார்கள். கை கட்டி நின்றவர்களில் கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமாரசாமி 2013-ல் 'சூது கவ்வும்' எடுத்தார். குறை கேட்டதால் மட்டும் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் இன்னொரு படத்தோடு வந்து நின்றார்களே, அதனால்.

கடைசியாக, பள்ளிக்கூடம்.

2019-ல் வந்த நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடப் புத்தகத்தில் கடைசிப் பாடம் 'காட்சித் தொடர்பு'. அதில் ஸ்கிராட்ச் இருக்கிறது. மேடை என்றால் என்ன, ஸ்பிரைட் என்றால் என்ன, ஸ்கிரிப்ட் எங்கே எழுதுவது, எல்லாம் இருக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் கைக்கு இது போய்ச் சேர்ந்தது பெரிய காரியம். பாடத்தின் பின்னால் கேள்விகள். அனிமேஷன் செய்ய உதவும் மென்பொருள் எது என்று நான்கு பெயர் கொடுத்திருக்கிறார்கள். சரியானதைக் குறித்தால் ஒரு மார்க்.

ஒரு மார்க்குக்கு ஒரு பெயர். பூனையை நடக்கவைத்தால் எத்தனை மார்க் என்று எங்கேயும் இல்லை. நாமக்கல் பக்கம் மார்க் என்பது தனித் தொழில், தெரிந்ததே. முட்டைக்குத் தினம் விலை அறிவிக்கிற ஊரில் பிள்ளைகளுக்கும் வருஷம் ஒரு முறை விலை அறிவிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முழுக்க அந்த நாலு பெயரில் ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு முறைகூட பச்சைக் கொடியை அழுத்தாமல் வெளியே வரும் மாணவனுக்கு நூற்றுக்கு நூறு. கிளீனர் முறைப்பைக் கையால் வரைந்தவனுக்கு 'பரீட்சைக்குப் படிச்சியா?'

பாடத்திட்டத்தை நான் மாற்ற முடியாது. ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன யோசனை மட்டும். அந்தப் பாடம் வரும்போது ஒரு பீரியடை ஒதுக்குங்கள். ஹைடெக் லேபில் ஆளுக்கு ஒரு பூனையை நடக்கவிடச் சொல்லுங்கள். ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் ஆடட்டும். செய்தவன் பேசக் கூடாது. ஆடியவன் இரண்டே வரி எழுத வேண்டும்: எந்த இடத்தில் சிரித்தேன், எந்த இடத்தில் முழித்தேன். மார்க் வேண்டாம். 'சூப்பர்' என்று எழுதினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு லேபும் வேண்டாம், பீரியடும் வேண்டாம். பிள்ளை திரையைத் திருப்பி 'இதைப் பாருங்களேன்' என்றால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். முழுசாகப் பாருங்கள். அது முடிந்ததும் வாயில் தயாராக வந்து நிற்கிற வார்த்தையை விழுங்கிவிட்டு, நிஜமாகவே புரியாத ஒன்றைக் கேளுங்கள். 'இந்தப் பூனை ஏன் பாதியில நின்னுடுச்சு?' அதற்குப் பதில் சொல்ல அவனுக்குக் குறைந்தது பத்து நிமிஷம் ஆகும். காபி ஆறிப்போனால் பரவாயில்லை.